சுவரின் நிறமும் மனநிலையும்: வீட்டுக்கும் பணியிடத்துக்கும் வண்ணம் தேர்வது எப்படி?

புது வீடு கட்டுபவர்களுக்கும், பழைய வீட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு பட்டியல் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. படுக்கையறைக்கு நீலம் அடித்தால் நல்ல தூக்கம் வரும், சாப்பிடும் இடத்துக்கு ஆரஞ்சு அடித்தால் பசி எடுக்கும், பிள்ளைகள் படிக்கும் அறைக்கு மஞ்சள், அலுவலகத்துக்குப் பச்சை என்று அது நீளும். இதற்கு 'வண்ண உளவியல்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நிறங்கள் மனத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பது பற்றி உளவியலில் ஆய்வுகள் இருப்பது உண்மை. அவற்றில் சில மிகுந்த கவனத்துடன் செய்யப்பட்டவை. ஆனால் அவை சொல்வது வேறு, இந்தப் பட்டியல் சொல்வது வேறு. பட்டியலுக்கு நிறத்தின் பெயர் மட்டும் போதும். ஆய்வுகளைப் படித்தால், அந்த நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி, அதன்மேல் எந்த வெளிச்சம் விழுகிறது, அந்த அறையில் யார் எவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள் என்ற கேள்விகளுக்குத்தான் முதலிடம் என்பது தெரியவரும்.

இந்தத் துறையில் மிகவும் பேர்பெற்ற நிறம் ஒரு பிங்க். 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கடற்படையின் சிறை ஒன்றில், புதிதாகக் கொண்டுவரப்படும் கைதிகளைச் சிறிது நேரம் வைத்திருக்கும் அறை முழுவதும் அந்த நிறம் பூசப்பட்டது. ஒரு கேலன் வெள்ளைப் பெயிண்டுக்கு ஒரு பைண்ட் (கேலனில் எட்டில் ஒரு பங்கு) சிவப்பு என்ற அளவில் கலந்தால் அது கிடைக்கும். அதைப் பரிந்துரைத்த அலெக்சாண்டர் ஷாஸ், அந்தச் சிறையின் இரு அதிகாரிகளுடைய பெயர்களைச் சேர்த்து 'பேக்கர்–மில்லர் பிங்க்' என்று அதை அழைத்தார். அந்த அறைக்குள் வந்தவர்களின் மூர்க்கம் அடங்கிவிடுகிறது என்ற செய்தி பரவியதும், வேறு பல சிறைகளும் அதைப் பின்பற்றின. அயோவா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் எதிரணியினர் உடை மாற்றும் அறைக்குக்கூட பிங்க் அடித்தார்கள். 2015-இல் வெளியான ஆய்வில், சுவிட்சர்லாந்தின் சிறை ஒன்றில் கைதிகளைப் பிங்க் அறைகளிலும் சாதாரண நிறம் பூசிய அறைகளிலும் பிரித்து வைத்து முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூர்க்கத்தைக் குறைப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. முதல் சோதனையில் புதிதாகப் பூசிய சுத்தமான அறை இருந்தது, காவலர்களிடம் எதிர்பார்ப்பு இருந்தது, கைதிகள் அங்கே இருந்த நேரமும் குறைவு. பலன் உண்டாகியிருந்தால் இவற்றில் எதனால் உண்டானது என்று பிரித்தறிய வழியே இருக்கவில்லை.

இதே நிலை 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வுக்கும் நேர்ந்தது. நுணுக்கமாகச் சரிபார்க்கும் வேலைகளுக்குச் சிவப்பும், புதிதாக யோசிக்கும் வேலைகளுக்கு நீலமும் உதவுகின்றன என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் அதில் எழுதினார்கள். அலுவலகச் சுவர்களைப் பற்றிப் பேசும் எத்தனையோ கட்டுரைகளுக்கு இந்த ஆய்வே மூலம். ஆனால் அதில் சுவரே இல்லை. பெரும்பாலும் கணினித் திரையின் பின்னணி நிறத்தை மாற்றித்தான் சோதித்தார்கள். பிறகு அதில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்து பார்த்தவருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. சில நிமிடங்கள் திரையில் பார்த்த ஒரு நிறத்தின் விளைவை, ஐந்தாறு ஆண்டுகள் தினமும் எட்டு மணி நேரம் பார்க்கப்போகும் சுவருக்குப் பொருத்திச் சொல்வது எவ்வளவு பெரிய தாவல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நிறத்துக்குப் பலனே இல்லையா என்றால், உண்டு. அது செயல்படும் விதத்தைப் புரிந்துகொள்ள அறுவை சிகிச்சை அறையைப் பார்ப்பது நல்லது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அறைகள் சுவர், துணி எல்லாம் வெள்ளையாக இருந்தன. பலமான விளக்கின்கீழ் அந்த வெள்ளை கண்ணைக் கூசச் செய்தது. 1914-இல் சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், சுவரையும் தரையையும் கீரைப்பச்சையாக மாற்றினார். ரத்தத்தின் சிவப்பை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைப் பரப்பில் கண்ணைத் திருப்பினால் அங்கே பச்சை நிழல் ஒன்று மிதப்பதுபோலத் தெரியும். சிவப்பை உணரும் செல்கள் களைத்துப்போவதால் வரும் தோற்றம் அது. சுவரே பச்சையாக இருந்தால் அந்த நிழல் அதில் கரைந்துவிடும், கூச்சமும் குறையும், சிவப்பின் நுண்ணிய வேறுபாடுகளும் கண்ணுக்கு மறுபடி தெளிவாகத் தெரியும். பச்சை மனத்துக்கு அமைதி தரும் என்ற நம்பிக்கையால் வந்த மாற்றமன்று இது. அங்கே செய்யும் வேலை என்ன, கண் எதைப் பார்க்கிறது, எந்த விளக்கின்கீழ் பார்க்கிறது என்று கேட்டதால் கிடைத்த விடை. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அது நிலைத்திருக்கிறது.

பெயரைவிட அடர்த்தி முக்கியம்

ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905-இல் நிறங்களை மூன்று அளவுகளால் குறிக்கும் முறையை வெளியிட்டார். முதலாவது நிறவகை: சிவப்பா, மஞ்சளா, நீலமா என்பது. இரண்டாவது வெளிர்மை: கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அது எங்கே நிற்கிறது என்பது. மூன்றாவது செறிவு: சாம்பல் கலப்பு இல்லாமல் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பது. 'நீலம் அடிக்கலாம்' என்று சொல்லும்போது முதல் அளவை மட்டும் சொல்கிறோம். வானத்தின் வெளிர் நீலமும், போலீஸ் பலகையின் அடர் நீலமும், மயில் கழுத்தின் நீலமும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. அறையில் அவை உண்டாக்கும் உணர்வுகளோ முற்றிலும் வேறு.

1994-இல் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இரு உளவியலாளர்கள் இந்த மூன்று அளவுகளையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு நிறம் இதமாக இருக்கிறதா, கிளர்ச்சியூட்டுகிறதா என்று மக்கள் சொன்னதில் வெளிர்மைக்கும் செறிவுக்கும் வலுவான பங்கு இருந்தது. நிறவகையின் பங்கு அதைவிடக் குறைவு. முழு அறைகளுக்குச் சிவப்பும் நீலமும் பூசிச் சோதித்த ஐரோப்பிய ஆய்வுகளிலும், அறை கிளர்ச்சியூட்டுவதாகத் தோன்றியதற்கு நிறவகையைவிட அதன் வலிமையே காரணமாகத் தெரிந்தது. சாம்பல் கலந்த மங்கிய செங்கல் நிறம், கண்ணைப் பறிக்கும் நீலத்தைவிட அமைதியாக இருக்கும். பட்டியல்களை நம்பி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்: நிறவகை சரியாக இருந்திருக்கும், செறிவு இரண்டு படி கூடிப்போயிருக்கும்.

பணியிடத்தைப் பொறுத்தவரை, டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நான்சி குவாலெக் பல ஆண்டுகள் செய்த சோதனைகள் கவனிக்கத்தக்கவை. 1990-இல் வெளிவந்த ஒன்றில், சிவப்பு, பச்சை, வெள்ளை என மூன்று நிற அலுவலகங்களில் பிழைதிருத்தும் வேலை கொடுக்கப்பட்டது. வெள்ளை அறைதான் வேலைக்கு ஏற்றது என்று பங்கேற்றவர்கள் கருதினார்கள். ஆனால் சிவப்பு அறையில் இருந்தவர்களைவிட அதிகப் பிழை விட்டது அந்த வெள்ளை அறையில் இருந்தவர்கள்தான். உடனே சிவப்பு அடியுங்கள் என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறாகும். அடுத்து ஒரு வேலை வாரம் முழுவதும் ஆட்களை வைத்துச் செய்த சோதனையில், நிறத்தின் விளைவு ஆளுக்கு ஆள் மாறியது. சுற்றியுள்ள இரைச்சலையும் காட்சிகளையும் மனத்தால் ஒதுக்கிவிட முடிந்தவர்களுக்கும், அது முடியாதவர்களுக்கும் வெவ்வேறு நிற அறை பொருந்தியது. என் பார்வையில் இந்த ஆய்வுத்தொடரின் பெரிய பயன், பிடித்த நிறமும் வேலைக்கு உதவும் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டியதும், பலர் சேர்ந்து உட்காரும் கூடத்துக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நிறம் இல்லை என்று காட்டியதும்தான். அப்படிப்பட்ட இடத்தில் மிதமான செறிவே பாதுகாப்பானது.

ஸ்வீடன், பிரிட்டன், சவூதி அரேபியா, அர்ஜென்டினா ஆகிய நான்கு நாடுகளில், உண்மையான பணியிடங்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் எடுத்து 2006-இல் வெளியான ஆய்வு இன்னொரு கோணத்தைத் தருகிறது. வெளிச்சம் மிகக் குறைவு என்று உணர்ந்தவர்களின் மனநிலை மிகவும் தாழ்ந்திருந்தது; சரியாக இருக்கிறது என்றவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது; கூசும் அளவுக்கு அதிகம் என்றவர்களிடம் அது மறுபடி இறங்கியது. வண்ணம் நிறைந்த பணியிடம் என்று உணர்ந்தவர்களின் மனநிலையும் மேம்பட்டே இருந்தது. இருட்டான அலுவலகத்தில் சுவர் நிறத்தைப் பற்றி விவாதிப்பதற்கு முன் விளக்கைச் சரிசெய்வது முதல் வேலை.

பிள்ளைகள் படிக்கும் அறைக்கும் உறுதியான சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு, 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளை அளந்து, அங்கே படித்த 3,766 மாணவர்களின் ஓராண்டு முன்னேற்றத்துடன் ஒப்பிட்டது. வண்ணமே இல்லாத வறண்ட அறையும் நன்றாக இல்லை, எல்லாப் பக்கமும் வண்ணம் கொட்டிய அறையும் நன்றாக இல்லை; சுவர்கள் வெளிராக இருந்து ஒரு சுவர் மட்டும் அழுத்தமான நிறத்தில் இருக்கும் அமைப்பு நன்றாக வேலை செய்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மழலை வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனையில், சுவர் முழுதும் படங்கள் ஒட்டிய அறையில் அவர்களுடைய கவனம் சிதறியது, கற்றதும் குறைந்தது. நம் ஊர் மழலைப் பள்ளிகள் பலவற்றில் நான்கு சுவருக்கும் நான்கு நிறம் அடித்து, அதன்மேல் கார்ட்டூன்களும் வரைந்துவைப்பதைக் காணும்போது, பிள்ளைகளுக்காகச் செய்த செலவே அவர்களுக்கு எதிராகப் போகிறதே என்ற வருத்தம் எழுகிறது.

நினைவும் பழக்கமும்

ஒரு நிறம் ஏன் பிடிக்கிறது என்பதற்கு, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பாமரும் கேரன் ஷ்லாஸும் 2010-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். எந்தெந்தப் பொருள்களோடு ஒரு நிறம் நம் நினைவில் சேர்ந்திருக்கிறதோ, அந்தப் பொருள்கள்மீது உள்ள விருப்பமே நிறத்தின்மீதும் படிகிறது என்பது அதன் சாரம். தெளிந்த வானமும் தண்ணீரும் நீலத்துக்கு ஆதரவாக நிற்கின்றன. அழுகியதும் கெட்டுப்போனதும் ஒருவிதப் பழுப்புக்கு எதிராக நிற்கின்றன. 30 நாடுகளில் 4,598 பேரிடம் நிறத்தையும் உணர்ச்சியையும் இணைத்துக் கேட்டு 2020-இல் வெளியான ஆய்வில், உலகெங்கும் பெருமளவு ஒற்றுமை இருந்தது. கூடவே நாட்டுக்கு நாடு உள்ளூர் வேறுபாடுகளும் தெரிந்தன. மஞ்சள் நமக்கு மங்கலம். மஞ்சள் பூசிய நிலைப்படியும் குங்குமப் பொட்டும் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த இரண்டு நிறங்களும் தரும் நிறைவு, அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு அதே அளவில் கிடைக்காது. அவ்வாறே, வெள்ளைப் புடவையைத் துக்கத்தோடு சேர்த்துப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்த பாட்டிக்கு முழு வெள்ளை அறை உவப்பாக இல்லாவிட்டால், அதைப் பழமை என்று தள்ளிவிட முடியாது. அந்த அறையில் இருக்கப்போவது அவர்தான். வாஸ்து பார்த்து நிறம் தேர்பவர்களுக்கும் இதையே சொல்லலாம்: நம்பிக்கையால் வரும் மன நிம்மதி உண்மையானது, திசைக்குச் சொன்ன நிறவகைக்குள்ளேயே வெளிர்மையையும் செறிவையும் தேர்ந்துகொள்ள இடமும் தாராளமாக இருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கு ஐரோப்பியக் கணக்கு பொருந்தாது

உள் அலங்காரம் பற்றிய வெளிநாட்டு நூல்களில், வடக்குப் பார்த்த அறை குளிர்ச்சியானது, அதற்கு இளஞ்சூடான நிறங்கள் அடிக்க வேண்டும், தெற்குப் பார்த்த அறைக்கு நீலமும் சாம்பலும் பொருந்தும் என்று எழுதியிருப்பார்கள். லண்டனுக்கு அது சரி. அங்கே வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழுவது அரிது. சென்னை இருப்பது வடக்கு 13 பாகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. கோடையில் உதயமும் அஸ்தமனமும் வடக்குப் பக்கம் சாய்ந்தே நடக்கின்றன. ஆகவே சென்னையின் வடக்கு ஜன்னல் கோடையில் வெயில் படும் ஜன்னல். எந்த அறை மிகவும் தொல்லை தரும் என்றால் மேற்கு அறைதான். மே மாதப் பிற்பகலில் சாய்ந்து உள்ளே வரும் செம்மஞ்சள் வெயிலில், ஏற்கெனவே ஆரஞ்சோ அடர்மஞ்சளோ பூசிய சுவர் தகதகவென்று எரிவதுபோலத் தோன்றும். அந்தச் சுவருக்குச் சாம்பல் கலந்த வெளிர்பச்சையோ வெளிர்நீலமோ நன்றாக இருக்கும். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில், மேகமூட்டம் நிறைந்த பகல்களில் இதே ஆலோசனை தலைகீழாகும். அங்கே சந்தன நிறமும் மங்கிய செங்காவியும் அறையைக் கதகதப்பாகக் காட்டும்.

காட்டும் என்று சொல்வதில் ஒரு காரணம் உண்டு. நீலம் பூசினால் அறை குளிரும் என்ற எண்ணத்தை டென்மார்க்கில் 1977-இல் சோதித்தார்கள். முழுச் சிவப்பு வெளிச்சத்திலும் முழு நீல வெளிச்சத்திலும் ஆட்களை உட்காரவைத்து, அவர்களுக்கு இதமான வெப்பநிலையைக் கேட்டபோது கிடைத்த வேறுபாடு ஏறக்குறைய 0.4 டிகிரி செல்சியஸ் மட்டுமே. உள்சுவரின் நீலத்தால் மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்க முடியாது. வெப்பத்தைக் குறைக்க நிறம் உதவும் இடம் வெளியே இருக்கிறது: மொட்டைமாடியிலும் வெயில் படும் வெளிச்சுவரிலும் வெள்ளையோ மிக வெளிர் நிறமோ பூசினால், சூரிய வெப்பத்தில் பெரும்பகுதி உள்ளே இறங்காமல் திருப்பி அனுப்பப்படுகிறது. மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்துக்குச் சாக்லேட் நிறம் அடித்துவிட்டு உள்ளே வெளிர்நீலத்தில் குளிர்ச்சி தேடுவது வீண்.

நகரத்து வீடுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது, நம் ஜன்னலுக்குள் வருவது பெரும்பாலும் அந்தச் சுவரில் பட்டுத் தெறித்த வெளிச்சம். அவர்கள் கிளிப்பச்சை அடித்திருந்தால் நம் தந்த நிற ஹாலின் ஒரு பக்கம் பகல் முழுவதும் பசுமை பாய்ந்து தெரியும். அந்த ஹாலுக்கு மெல்லிய ரோஜாச் சாயல் கொண்ட வெள்ளை பூசினால் சமன்படும். நம் ஊரில் சுண்ணாம்பு அடிக்கும்போது தொட்டியில் கொஞ்சம் நீலம் கரைத்து ஊற்றும் வழக்கம் இருந்ததும் இதே கணக்கில்தான். சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை அந்தத் துளி நீலம் அடக்கி, சுவரைக் கூடுதல் வெள்ளையாகக் காட்டியது. பொங்கலுக்கு முன் ஆண்டுதோறும் வெள்ளையடித்த அந்த வீடுகளில் ஜன்னல் சிறியது, முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம்தான் ஆதாரம். பளபளப்பில்லாத அந்த வெள்ளை, வந்த வெளிச்சத்தை மூலைவரை பரப்பியது.

எவ்வளவு வெளிச்சத்தைச் சுவர் திருப்பித் தருகிறது என்பதை எண்ணாலும் சொல்லலாம். கறுப்புக்குப் பூஜ்யம், முழு வெள்ளைக்கு 100 என்று வைத்து ஒவ்வொரு ஷேடுக்கும் ஓர் அளவு உண்டு. பெயிண்ட் துறையில் அதை எல்ஆர்வி என்பார்கள். சில ஷேட் கார்டுகளில் அது அச்சாகியிருக்கும், இல்லாவிட்டால் கடையில் கேட்டுப் பார்க்கலாம். ஓர் அறையின் கூரை, சுவர், தரை எல்லாம் சேர்ந்த சராசரி 50-லிருந்து 70-க்கு உயர்ந்தால், பரப்புகளில் பட்டுப்பட்டுத் தெறித்து வரும் வெளிச்சம் கணக்கின்படி இரு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஒரே ஜன்னல் உள்ள ஃபிளாட்டில் பகலில் டியூப்லைட் போட வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த ஒரு எண் தீர்மானிக்கக்கூடும். கூரைக்கு 80-க்கு மேல், சுவருக்கு 50 முதல் 70 வரை என்று வைத்துக்கொள்வது நம் வீடுகளுக்கு நல்ல தொடக்கம்.

இரவில் கணக்கே மாறிவிடுகிறது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் எரிவது 6,500 கெல்வின் வெண்ணிற எல்இடி. அதன் நீலம் கலந்த வெளிச்சத்தில் கிரீம் நிறம் வெளிறி, சாம்பல் படிந்ததுபோலத் தெரியும். பழைய குண்டு பல்பைப் போன்ற 2,700 கெல்வின் விளக்கில் அதே கிரீம் வெண்ணெய்போல இருக்கும், ஆனால் வெளிர்நீலம் அழுக்குச் சாம்பலாகிவிடும். படுக்கையறைக்கு நீலம் அடித்தால் தூக்கம் வரும் என்பவர்கள், அந்த அறையில் இரவு 10 மணிக்கு எரியும் விளக்கைப் பார்ப்பதில்லை. உடலுக்குப் பகல் எது, இரவு எது என்று சொல்லும் விழித்திரைச் செல்கள் 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு மிகுதியாக எதிர்வினை காட்டுகின்றன. இரவில் பலமான வெண்ணிற ஒளி, தூக்கத்துக்குத் துணைசெய்யும் மெலடோனின் சுரப்பைத் தடுக்கிறது. தூக்கத்துக்காக ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் சுவரை விட்டுவிட்டு பல்பை மாற்றலாம். செலவும் சில நூறு ரூபாய்தான்.

யார், எங்கிருந்து, எதைப் பார்க்கிறார்கள்

பின்லாந்தின் பாய்மியோ என்ற ஊரில் 1933-இல் கட்டி முடிக்கப்பட்ட காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த அல்வர் ஆல்டோ, நோயாளி நாள் முழுவதும் மல்லாந்து படுத்திருப்பார், அவருக்குச் சுவரைவிடக் கூரைதான் அதிகம் கண்ணில் படும் என்று யோசித்தார். அதனால் அந்த அறைகளின் கூரைக்கு அமைதியான பசுஞ்சாயலும், சுவர்களுக்கு அதைவிட வெளிர் நிறமும் கொடுத்தார். நடமாடும் இடமான மாடிப்படிக்கும் கூடத்துக்கும் பளிச்சென்ற மஞ்சள் தரை. ஒரே கட்டடத்தில் இரண்டு மனநிலைகளுக்கு இரண்டு வண்ணங்கள், இரண்டும் பார்ப்பவர் இருக்கும் நிலையிலிருந்து தீர்மானிக்கப்பட்டவை. நம் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருந்தால், அந்த அறையின் கூரைக்கு வழக்கமான வெள்ளைதான் வேண்டுமா என்று ஒருமுறை படுத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

அலுவலகத்தில் இதே கேள்வியைக் கேட்டால், கண் பெரும்பாலும் கணினித் திரையில் இருக்கிறது. திரைக்குப் பின்னால் தெரியும் சுவர் ஜன்னல் வெளிச்சத்தில் பளீரென்ற வெள்ளையாக இருந்தால், கண்பாவை திரும்பத் திரும்பச் சுருங்கி விரிந்து கண் களைத்துப்போகும்; அது மிக இருட்டான நிறமாக இருந்தாலும் அதே தொல்லைதான். அந்தச் சுவருக்கு எல்ஆர்வி 50–60 அளவில், பளபளப்பில்லாத மேட் பூச்சில், சாம்பல் கலந்த பச்சையோ மணல் நிறமோ பொருந்தும். உட்கார்ந்திருப்பவரின் முதுகுப் பக்கச் சுவர் திரையில் பிரதிபலிக்கும் என்பதால் அங்கே பளபளக்கும் பூச்சு கூடாது. நிறுவனத்தின் அடையாள நிறம் எவ்வளவு அழுத்தமானதாக இருந்தாலும் வரவேற்பறையிலும் நடைபாதையிலும் தாராளமாக வைக்கலாம், வருகிறவர்கள் சில நிமிடங்கள்தான் பார்க்கிறார்கள். ஒன்பது மணி நேரம் வேலை செய்பவரின் கண்ணெதிரே அதைப் பூசுவது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. தொழிற்கூடங்களில் இன்னும் கவனம் தேவை. தீயணைப்புக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள், முதலுதவிக்கும் வெளியேறும் வழிக்கும் பச்சை என்று பாதுகாப்பு நிறங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அழகுக்காக ஒரு தூணுக்குச் சிவப்பு அடித்தால், அவசரத்தில் தீயணைப்புக் கருவியைத் தேடும் கண் தவறான இடத்துக்குப் போகும்.

வண்ணத் தேர்வில் மிகவும் புறக்கணிக்கப்படும் இடம் என்று நான் கருதுவது முதியவர்கள் பயன்படுத்தும் குளியலறை. வயது ஏற ஏற விழிவில்லை மஞ்சளடைந்து, உள்ளே புகும் வெளிச்சம் குறைகிறது. நீலமும் ஊதாவும் மங்கலாகின்றன. வெளிர் நிறங்களுக்கு இடையிலான சிறு வேறுபாடு தெரியாமல் போகிறது. இப்போதைய வழக்கப்படி கட்டும் குளியலறையில் சுவர் டைல்ஸ் வெள்ளை, தரை வெளிர்சாம்பல், கழிப்பிடம் வெள்ளை, வாஷ்பேசின் வெள்ளை, கைப்பிடி இருந்தால் அது பளபளக்கும் ஸ்டீல். இளையவர் கண்ணுக்கு அது சுத்தம். எழுபத்தைந்து வயதுக் கண்ணுக்கு எங்கே தரை முடிகிறது, எங்கே உட்காரும் இடம் தொடங்குகிறது என்பதே தெளிவில்லாத ஒரு வெண்மூட்டம். அருகருகே இருக்கும் பரப்புகளுக்கு இடையே எல்ஆர்வி அளவில் குறைந்தது 30 வேறுபாடு இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் வழிகாட்டு நெறி கூறுகிறது. கழிப்பிடத்துக்குப் பின்னால் உள்ள சுவரை மட்டும் அடர்நிற டைல்ஸால் மாற்றுவது, கைப்பிடிக்குச் சுவரிலிருந்து பிரிந்து தெரியும் நிறம் கொடுப்பது, படியின் விளிம்பில் ஒரு பட்டை அடர்நிறம் இடுவது போன்றவை மனநிலையையும் மேம்படுத்தும்: விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைக் குறைப்பதைவிட ஒரு நிறம் மனத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு எது? நம் பழைய வீடுகளின் செங்காவித் தரையும் வெள்ளைச் சுவரும் இந்த வேறுபாட்டை இயல்பாகவே கொடுத்தன.

கடையில் நிறம் தேர்பவர்கள் கடைசியாகத் தடுமாறுவது ஷேட் கார்டின் சிறு சதுரத்தில். சுவர்கள் ஒன்றையொன்று பிரதிபலிப்பதால், அந்தச் சதுரத்தில் மென்மையாகத் தெரிந்த நிறம் நான்கு சுவரிலும் ஏறியபின் ஒரு படி செறிவாகத் தோன்றும். மஞ்சளிலும் பிங்கிலும் இது மிகவும் அதிகம். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறமும் காய்ந்தபின் தெரியும் நிறமும் ஒன்றல்ல. ஆகவே பிடித்த ஷேடையும் அதைவிட ஒரு படி வெளிறியதையும் சிறு டப்பாவாக வாங்கி, பட்டி பார்த்து வெள்ளை பிரைமர் அடித்த சுவரில், ஒரு மூலையின் இரு பக்கமும் சேரும்படி மூன்றடிக்கு மூன்றடி இரண்டு கோட் அடிக்கச் சொல்வது நல்லது. பழைய நிறத்தின் நடுவே அடித்தால் அந்த நிறம் புதியதைத் திரித்துக் காட்டும். காய்ந்தபின் காலை 7 மணிக்கும், நண்பகலிலும், மாலை 4 மணி வெயிலிலும், இரவில் அந்த அறையில் எரியப்போகும் அதே பல்பின்கீழும் பார்க்க வேண்டும். ஹாலை மாலையிலும் இரவிலும்தான் பயன்படுத்துகிறோம் என்றால் அந்த இரு நேரத்து நிறமே ஹாலின் நிறம். பெயிண்டருக்கு இதனால் ஒரு நாள் கூடும் என்பதால் கூலி பேசும்போதே இதையும் சொல்லிவிடலாம்.